புதுத்துணி எடுக்கும் கண்

(புரட்டாசிக் கடைசியில் ஒரு கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாவளி நெருங்கிவிட்டது. உங்களில் சிலர் ஜவுளி எடுத்து முடித்திருப்பீர்கள். போனஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பவர்களும் இருப்பீர்கள். எடுத்தவர்களைக் கேட்டால், கடையில் கூட்டம், அழுத பிள்ளை, ஐந்தாம் மாடி வரை ஏறிய கதை எல்லாம் வரும். எடுத்த துணி என்ன நூல், எந்த ஊர்த் தறி, கரை எப்படி நெய்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், அதைப்போல ஆயிரம் மடங்கு விலை கொடுக்கும் சேலையைக் கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். நிறம் பிடித்திருந்தால் பில் போடச் சொல்லிவிடுகிறோம். துணியைக் கையால் படிக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்தது. அது நமக்கும் திரும்ப வரவேண்டும் என்பதற்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நெசவுத் தெருவில் வளர்ந்தவள் நான். அங்கே கேட்டதையும் தொட்டதையும் வைத்தே பேசுகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்கு இந்த உடுப்போடு நான் என்ன வேலை செய்யப்போகிறேன்?

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே எழுந்து, தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளிக்கிறோம். சாமி முன் அடுக்கிய புதுத்துணியின் மூலையில் வீட்டுப் பெரியவர் மஞ்சள் தடவி எடுத்துக் கொடுக்கிறார். அதைக் கட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய் வெடி வைக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகாத கூந்தல், ஐப்பசி மழையின் ஈரம், மத்தாப்பின் பொறி, அடுத்து எண்ணெய்ச் சட்டி. இந்த நேரத்துக்குப் பட்டு ஆகாது. பட்டில் எண்ணெய் இறங்கினால் வீட்டில் எடுக்க முடியாது. பாலியஸ்டர் அதைவிட ஆகாது. தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். பருத்தியும் பற்றி எரியத்தான் செய்யும், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே தீபாவளிக் காலைக்குக் கெட்டியான பருத்தி, உடம்போடு இருக்கும் உடுப்பு. தொங்கும் துப்பட்டாவும் தரை கூட்டும் பாவாடையும் வெடிக்கருகே வேண்டாம். பட்டை மாலையில் கட்டலாம், கோயிலுக்குக் கட்டலாம், உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது கட்டலாம்.

பொங்கலும் அப்படித்தான். வாசலில் அடுப்புக் கூட்டி, புகையில் கண் கசங்க, பானை பொங்கும்வரை வெயிலில் நிற்கும் நாள் அது. காரைக்குடிக் கண்டாங்கி போன்ற கட்டம்போட்ட கனத்த பருத்திச் சேலை அந்த வேலைக்கென்றே நெய்தது போல இருக்கும். நவராத்திரிக் கொலுவுக்குப் போவது மாலை நேரம், உட்கார்ந்து பாடிச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவது. அங்கே பட்டு தாராளமாகக் கட்டலாம். ரம்ஜான் தொழுகைக்கும் கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனைக்கும் இதே கேள்விதான். எவ்வளவு நேரம் உட்காருவோம், எவ்வளவு நேரம் நிற்போம், வெயிலா பனியா என்று முதலில் யோசியுங்கள். அதற்குப் பிறகு நிறத்தைப் பாருங்கள்.

இனிப் பட்டுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் பணம் போடுவதும், அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

காஞ்சிபுரம் சேலை என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் காஞ்சிபுரத்துச் சேலை ஆகிவிடாது. அந்த ஊர் நெசவின் அடையாளங்களில் முதன்மையானது கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. தறியிலேயே, ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு இழைக்கும், உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்து வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. இதற்கு ஊடையைக் கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும்: இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. நெசவாளி ஒருவர் கையால் மட்டும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுகரை நாடாவை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் அந்த இடத்தில் உட்காருவார்கள். கூலிக் கணக்கில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், மாதமும் ஆகும்.

இதைக் கடையில் எப்படிக் கண்டுகொள்வது? சேலையைப் புரட்டிப் போட்டுக் கரையும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். கோர்வையாக இருந்தால் அந்தக் கோட்டில் பொடிப்பொடியாகப் பற்கள் தெரியும். விரல் நுனியை ஓட்டினால் மெல்லிய திட்டு தட்டும். பிறகு கரையின் நிறத்தைக் கவனியுங்கள். கோர்வைச் சேலையில் உடலின் ஊடை கரைக்குள் போவதில்லை. ஆகவே அரக்குக் கரை அரக்காகவே இருக்கும், கிளிப்பச்சைக் கரை கிளிப்பச்சையாகவே இருக்கும். சாதாரண நெசவில் உடலின் ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். அதனால் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை வைத்தால், அந்த அரக்கில் மஞ்சள் கலந்து காவிப்பக்கம் சாயும். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கோர்வை இல்லாத சேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோர்வை விலை கொடுக்கும்போது கோர்வை கையில் வரவேண்டும்.

அடுத்தது முந்தி. உடலும் முந்தியும் வேறுவேறு நிறமாக இருக்கும் நல்ல சேலைகளில் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு தெரியும். பழைய நிறத்துப் பாவு இழை, அதாவது நெடுக்கு இழை, ஒவ்வொன்றோடும் புது நிறத்து இழையை வளைத்துச் சேர்த்து, கொஞ்ச தூரம் இரண்டையும் ஒன்றாக நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டிவிடுவார்கள். பேட்ணி என்பது அதன் பெயர். ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் சேர்க்கிற வேலை அது. நான் பார்த்த அளவில், புதிதாகச் சேலை வாங்குபவர்கள் இந்தத் தடிப்பைக் குறை என்று நினைத்து வேறு சேலை கேட்கிறார்கள். விற்பனையாளரும் விவரம் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. அந்தத் தடிப்புதான் அந்தச் சேலையில் அதிகம் பாடுபட்ட இடம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம் போட்டு நெய்தால் மடிப்புக்கு மடிப்பு மாறும் நிறம் கிடைக்கும். மயில்கழுத்து அப்படி வந்ததுதான். எம்.எஸ். நீலம் என்று இன்றும் கேட்டு வாங்குகிறார்களே, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் மேடையில் உடுத்திய நிறம் அது. ஒரு பாடகியின் பெயரால் ஒரு நிறத்தை அழைக்கும் அளவுக்கு நம் ஊர்க் கண் சேலையைக் கவனித்திருக்கிறது. கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த நிறங்கள் பொய் சொல்லும். கூச்சப்படாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஜரிகைக்கு வருவோம். நல்ல ஜரிகையின் நடுவில் பட்டு இழை இருக்கும், பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். கடைகளில் 'டெஸ்டெட்', 'ஹாஃப் ஃபைன்' என்று சொல்வது வேறு வகை. செம்புக் கம்பியின் மேல் மெல்லிய பூச்சு, உள்ளே பருத்தியோ செயற்கை இழையோ இருக்கும். அதைக் கட்டவே கூடாது என்பதில்லை. நாலு பேருக்கு நாலு சேலை எடுக்க வேண்டிய வீட்டில் அதுவே தோதாக இருக்கும். ஆனால் வெள்ளி ஜரிகை விலைக்கு அதை விற்பது திருட்டு. சேலை நுனியில், கரை முடியும் மூலையில், வெட்டிய இழைகள் ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல அறிகுறி. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சோதனைக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும். பில்லில் 'பட்டுச் சேலை' என்று மட்டும் எழுதாமல் ஜரிகை என்ன வகை என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நீங்களும் தயங்குங்கள்.

முத்திரைகள் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பட்டுக்கு 'சில்க் மார்க்' 2004-இல் வந்தது. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சி அது. கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' 2006-இல் வந்தது. இரண்டும் வேறுவேறு கேள்விக்குப் பதில். சில்க் மார்க் இருந்தால் நூல் பட்டு என்று பொருள். கைத்தறியில் நெய்தது என்று அது சொல்லவில்லை, ஜரிகை வெள்ளி என்றும் சொல்லவில்லை. புவிசார் குறியீடு மூன்றாவது கேள்விக்கு, அதாவது எந்த ஊர் நெசவு என்பதற்குப் பதில். காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் பட்டுகளும், சேலத்து வெண்பட்டும், மதுரைச் சுங்குடியும், கண்டாங்கியும், நெகமம் பருத்தியும் அந்தக் குறியீடு பெற்றவை. ஒரு சீட்டைக் காட்டி மூன்று கேள்விக்கும் பதில் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் சந்தேகம் வந்தால் பழைய சோதனை இருக்கிறது. நுனியில் இருந்து இரண்டு இழை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு, முடி பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை உருண்டு கெட்டியான மணியாகிவிடும். இழையைத்தான் சொன்னேன், துணியின் மூலையை யாரும் கொளுத்திவிட வேண்டாம்.

கனமாக இருந்தால் நல்ல பட்டு என்ற எண்ணமும் சரியில்லை. கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலில் ஒருவகைப் பசை இருக்கும். அதைக் கொதிநீரில் நீக்கும்போது ஏறக்குறையக் கால்வாசி எடை குறையும். சில இடங்களில் அந்த எடையை உப்புகளால் ஈடுகட்டிவிடுகிறார்கள். அப்படிக் கனம் ஏற்றிய பட்டு மடிப்பில் சீக்கிரம் விட்டுப்போகும். நல்ல சேலையின் கனம் நெருக்கமான பாவிலிருந்தும் ஜரிகையிலிருந்தும் வருவது. கையில் கசக்கிவிட்டால் அது மெல்ல விரிந்து நிமிரும்.

பருத்தியை நான் பட்டுக்கு இரண்டாம் இடத்தில் வைப்பவள் அல்ல. மதுரைச் சுங்குடியைப் பாருங்கள். துணியை மடித்து, புள்ளி புள்ளியாகக் கிள்ளி எடுத்து, ஒவ்வொன்றையும் நூலால் இறுக்கக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பின் முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாத இடம்தான் புள்ளி. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை இது. கையால் முடிச்சுப் போட்டதில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. துணி அந்த இடத்தில் லேசாகக் கூம்பி நிற்கும். எல்லாப் புள்ளியும் அச்சடித்தது போல ஒரே அளவில், துணி தட்டையாக இருந்தால், அது உண்மையிலேயே அச்சடித்ததுதான். இப்போது சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுவே. அதன் விலைக்கு அதை வாங்குவதில் தவறில்லை. முடிச்சுச் சேலையைத் தேடிப்போய் வாங்க ஆள் இருந்தால்தான் முடிச்சுப் போட விரல் இருக்கும்.

அடர்ந்த நிறத்துப் பருத்தி எடுக்கும்போது வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து, கரையோரம் தேய்த்துப் பாருங்கள். சாயம் கையோடு வந்தால், முதல் துவைப்பிலேயே மற்ற உடுப்புக்கும் வரும்.

ஆண்களுக்கு வேட்டி. இதில் கரையைப் பார்க்கிற அளவுக்கு நாம் நூலைப் பார்ப்பதில்லை. நாற்பது, அறுபது, எண்பது, நூறு என்று நூலுக்கு நம்பர் உண்டு. ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 840 கஜ நீளச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுவே அந்த நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நூறாம் நம்பர் வேட்டி மென்மையாக இருக்கும், அதே சமயம் நாலு முழம் ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சத்தில் நிழலாடும். அதற்கு எட்டு முழம் எடுத்து இரட்டையாகக் கட்டுவதே முறை. நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்பவருக்கு அறுபதாம் நம்பர் வேட்டி நின்று உழைக்கும். இடுப்பில் நிற்காது என்ற பயத்தில் வேட்டியைத் தொடாத இளைஞர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். புது வேட்டியின் கஞ்சி வழுக்கும், அதுதான் காரணம். ஒருமுறை அலசிக் காயவைத்துக் கட்டினால் நிற்கும். ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் தொடங்கினாலும் எனக்குச் சம்மதமே. வேட்டி கட்டி வந்தவரை உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன மன்றங்கள் இந்த மாநிலத்தில் இருந்தன. அதைத் தடுக்க 2014-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் வாங்கிக் கொடுத்த உரிமையை நாமே அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது.

குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும் தாய்மார்களுக்கு இரண்டு சேதி. ஜரிகை குழந்தையின் கழுத்தையும் அக்குளையும் அறுக்கும். சட்டைக்கு உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பாவாடையின் உள்பக்கம் இரண்டு மூன்று டக் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு வருஷமும் ஒரு டக்கைப் பிரித்துவிடலாம். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு வெளிர்நிறத்தில் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணி எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தாள் என்று சொல்லிவிடும் அம்மாக்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்.

எப்போது வாங்குவது என்பது எல்லோரும் மறந்துவிடும் கேள்வி. கைத்தறிகளில் பல குழித்தறிகள். நெசவாளி தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கால் விட்டு மிதித்து நெய்கிறார். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறும். பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் காயவைக்க வெயில் கிடைக்காது. சாயம் போட்ட நூல் உலராது. நாம் கடைக்கு ஓடும் அதே மாதத்தில் தறி நின்றுபோகிறது. ஆகவே மனத்துக்குப் பிடித்த நிறத்தில், சொல்லி நெய்த சேலை வேண்டுமென்றால் ஆனியிலோ ஆடியிலோ கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லி வையுங்கள். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே பல ஊர்த் தறிகளின் துணியை ஒரே இடத்தில் விரித்துப் பார்க்கலாம். கரை வைத்த சேலை, வேட்டி உட்படப் பதினோரு வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985-இலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கும் கடையில், வாங்குபவர் கேட்காவிட்டால் அந்தச் சட்டம் ஏட்டில்தான் இருக்கும். "இது கைத்தறியா, எந்தச் சங்கம்?" என்று கேளுங்கள். கேட்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் வந்தால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்லத் தொடங்குவார்.

துணி வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பட்டைக் கட்டிய அன்றே மடித்து வைக்காமல் நிழலில் ஆறவிடுங்கள். வாசனைத் திரவியத்தை ஜரிகை மேல் அடிக்காதீர்கள், வெள்ளி கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும். அந்துருண்டையைத் துணியோடு ஒட்டிப் போடாதீர்கள்.

இன்னொன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். "பழைய பட்டுச் சேலை வாங்குறது" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் கேட்பது ஜரிகையில் இருக்கும் வெள்ளியை. சேலையை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவின் கூறைச்சேலையையோ பாட்டியின் ஒன்பது கஜத்தையோ அப்படிக் கொடுத்துவிடாதீர்கள். உடல் நைந்திருந்தாலும் கரை உறுதியாகத்தான் இருக்கும். கரையைப் பிரித்துப் புதுப் பருத்திச் சேலைக்கு வைத்துத் தைக்கலாம். முந்தியில் பேத்திக்கு ஒரு சட்டை வரும். இந்தத் தீபாவளிக்குப் புதுசு எடுக்கக் கை இடம் கொடுக்காத வீட்டில் அதுவே பண்டிகை உடுப்பாகட்டும். மூலையில் மஞ்சள் தடவிச் சாமி முன் வைத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு அது புதுத்துணிதான்.

மேடைக்குக் கீழே மேசையில் ஆறு துண்டுகள் வைத்திருக்கிறேன். கோர்வைக் கரை ஒன்று, கோர்வை இல்லாத கரை ஒன்று, பேட்ணித் தடிப்போடு ஒரு முந்தி, முடிச்சுச் சுங்குடி ஒன்று, அச்சடித்த சுங்குடி ஒன்று, நூறாம் நம்பர் வேட்டித் துண்டு ஒன்று. எதிலும் பெயர் எழுதவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வாருங்கள், புரட்டிப் பார்த்து எது எது என்று சொல்லுங்கள். முதலில் மாணவிகள் வரட்டும்.